மடங்கும் திரையின் அடித்தளத்துக்குக் காப்புரிமை: பரிசோதனையைக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கருப்பூர் அரசுக் கல்லூரியில் தொடங்கி ஊரைச் சுற்றி ஒவ்வொரு சாலையிலும் ஒன்று இருக்கிறது. வருடா வருடம் அங்கே உருவாகும் புராஜெக்ட்களில் சில காப்புரிமை விண்ணப்பமாக மாறுகின்றன. விண்ணப்ப எண் கையில் வரும்வரை எல்லோருக்கும் உற்சாகம்தான். அதன்பிறகு காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் அறிக்கை வரும்போது மாணவர் பெங்களூரில் வேலையில் இருப்பார், வழிகாட்டிப் பேராசிரியர் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார். பதில் போகாத விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பரிசோதனைக் கட்டத்தைப் பற்றியது. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மடங்கும் திரையின் அடித்தளம், அதாவது சப்ஸ்ட்ரேட். ஆனால் நான் அறிக்கை வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. பதிலில் நீங்கள் வைக்கப்போகும் வாதம் ஒவ்வொன்றுக்கும் வேர் தாக்கல் செய்த விவரணத்தில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தில், இருக்க வேண்டும். பிற்பாடு அதில் புதிய விஷயம் சேர்க்கச் சட்டம் விடாது. ஆகவே, தாக்கலுக்கு முன்பிருந்தே பார்ப்போம்.

அடித்தளத்தில் அப்படி என்ன இருக்கிறது

சாதாரணத் திரையில் அடித்தளம் கண்ணாடி. மடங்கும் திரையில் பெரும்பாலும் பாலிஇமைடு என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக். அதைத் திரவமாகக் கண்ணாடித் தாங்கியின் மேல் பூசி, 400 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாக்கி இறுகவைத்து, அதன்மேல் டிரான்சிஸ்டர்களையும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. அடுக்குகளையும் அமைத்து, கடைசியில் அடியிலிருந்து லேசர் பாய்ச்சிக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுப்பார்கள். பெட் பிளாஸ்டிக் இந்தச் சூட்டைத் தாங்காது. 80 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். மெல்லிய எஃகுத் தகடும் ஒரு வழி. ஈரத்தை அறவே விடாது, சூட்டைத் தாங்கும். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும், மேற்பரப்பும் திரைக்குத் தேவையான அளவு வழுவழுப்பாக இருக்காது, அதனால் மேலே ஒரு காப்புப் பூச்சு தேவை. கஞ்சமலை அடிவாரத்தில் துருப்பிடிக்காத எஃகு உருட்டும் ஆலையை வைத்திருக்கும் ஊரில் யாராவது இந்தப் பக்கம் யோசித்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

சிக்கல் மடிப்பில்தான். ஒரு படலத்தை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுவே ஒரு தளம் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும். ஒரே பொருளால் ஆன படலத்தில் வெளிப்பரப்பின் நீட்சி என்பது தடிமனை, வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 50 மைக்ரான் படலத்தை 3 மில்லிமீட்டர் ஆரத்தில் மடித்தால் 0.05-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 0.83 சதவீதம். பாலிஇமைடுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதன்மேல் இருக்கும் சிலிக்கான் நைட்ரைடு, சிலிக்கான் ஆக்சைடு போன்ற கனிம அடுக்குகள் ஏறத்தாழ 1 சதவீத நீட்சியிலேயே விரிசல் விடத் தொடங்கும். விரிசல் வழியே ஈரம் புகுந்தால் ஓ.எல்.இ.டி. செத்துவிடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈரம்தான் அதற்கு அனுமதி. ஏற்காட்டு மூடுபனியில் வைத்துப் பார்ப்பதெல்லாம் இதற்குச் சோதனை ஆகாது. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்பதுதான் இத்துறையில் வழக்கமான கடும் சோதனை.

இனி, பேச்சுக்கு ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொள்வோம். 50 மைக்ரான் பாலிஇமைடின் அடிப்பக்கத்தில், மடியும் பகுதியில் மட்டும், மடிப்புக்கோட்டுக்கு இணையாகப் பள்ளங்கள். மடிப்பின் மையத்தில் பள்ளத்தின் ஆழம் 30 மைக்ரான். விளிம்புகளை நோக்கிப் போகப் போக ஆழம் குறைகிறது. பள்ளங்களில் மென்மையான சிலிக்கோன் நிரப்பப்பட்டிருக்கிறது. மையத்தில் மிஞ்சும் 20 மைக்ரானை மட்டும் கணக்கில் எடுத்தால் நீட்சி 0.33 சதவீதமாக இறங்குகிறது. சிலிக்கோனின் விறைப்பு பாலிஇமைடில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதால் அது வளைவைத் தடுக்காது, ஆனால் பள்ளத்தை வெற்றிடமாகவும் விடாது. இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் இவைதான் காப்பாற்றப் போகின்றன.

படி 1: வெளியே சொல்வதற்கு முன் தேடுங்கள்

கல்லூரிக் கண்காட்சியில் வைத்த போஸ்டர், கருத்தரங்கில் வாசித்த கட்டுரை, யூடியூபில் போட்ட டெமோ, எல்லாமே உங்களுக்கு எதிராகவே முந்தைய ஆவணமாக வந்து நிற்கும். அறிவியல் சங்கத்தில் கண்டுபிடிப்பாளரே வாசித்த கட்டுரை, மத்திய அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சூழல்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31-இல் 12 மாத அவகாசம் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். நாளைக்கு ஐரோப்பாவில் விண்ணப்பிக்க நினைத்தால் அங்கே இப்படி ஒரு சலுகை கிடைக்காது.

தேடுவதற்குக் காசு வேண்டாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். வெறும் சொற்களை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், உருப்படியாக ஒன்றும் சிக்காது. வகைப்பாட்டுக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். ஓ.எல்.இ.டி. அடித்தளங்கள் எச்10கே 77/10-இன் கீழ் வரும். பழைய தேடல் குறிப்புகளில் எச்01எல் 51 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், 2023-இல் இடம் மாற்றினார்கள். திரைக் கட்டமைப்புக்கு ஜி09எஃப் 9/30, கையடக்கக் கருவிகளுக்கு ஜி06எஃப் 1/16, திரவப்படிகத் திரைக்கு ஜி02எஃப் 1/1333. பரிசோதகரும் இதே குறியீடுகளில்தான் தேடுவார். அவர் கண்டுபிடிக்கப் போவதை நீங்கள் முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொரிய, சீன, ஜப்பானிய நிறுவனங்கள் இந்தத் துறையில் குவித்திருக்கும் ஆவணங்களைப் பார்த்தால் ஆரம்பத்தில் மனம் சோர்ந்துவிடும். பள்ளம் ஏற்கெனவே இருக்கும், நிரப்பும் பொருளும் இருக்கும். பரவாயில்லை. ஆழம் படிப்படியாகக் குறைவது இருக்கிறதா, அதை எதற்காகச் செய்தார்கள் என்பதைப் பாருங்கள். அந்தக் காரணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: விவரணத்தில் எண்களைப் போடுங்கள்

வழிகாட்டியின் கனமான இடம் இதுதான். மாணவர்கள் எழுதிவரும் வரைவுகளில் அடிக்கடி காணும் வாசகம்: இந்தப் பள்ளங்கள் அழுத்தத்தைக் குறைத்து ஆயுளை அதிகரிக்கின்றன. இதை வைத்துக்கொண்டு பரிசோதகரிடம் எதையும் வாதாட முடியாது. எவ்வளவு குறைகிறது, எதோடு ஒப்பிட்டு, எந்த ஆரத்தில், எத்தனை மடிப்புக்குப் பிறகு என்று கேட்டால் பதில் விவரணத்திலேயே இருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று மாதிரிகளையாவது ஒப்பிட்டு ஒரு அட்டவணை கொடுங்கள்: பள்ளமே இல்லாதது, ஒரே ஆழப் பள்ளம் உள்ளது, உங்கள் சரிவு ஆழப் பள்ளம் உள்ளது. மூன்றையும் ஒரே ஆரத்தில் மடித்து, கனிம அடுக்கில் விரிசல் எங்கே விழுகிறது என்று காட்டுங்கள். ஒரே ஆழப் பள்ளத்தில் மடிப்பின் மையம் தப்பிக்கும்; ஆனால் பள்ளப் பகுதி முடிந்து முழுத் தடிமன் தொடங்கும் எல்லையில் விறைப்பு திடீரென்று மாறுவதால் அழுத்தம் அங்கே போய்க் குவியும். உங்கள் சரிவு ஆழம் அந்தக் குவியலை உடைக்கிறது என்றால், கண்டுபிடிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதை ஒரு பத்தியில் தெளிவாக, காரணத்தோடு எழுதிவிடுங்கள். உண்மையான மாதிரி செய்ய வசதியில்லையென்றால் கணினிச் சிமுலேஷன் முடிவுகளையும் கொடுக்கலாம்; அவை சிமுலேஷன் என்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எண்களை ஒற்றைப் புள்ளியாகக் கொடுக்காமல் அடுக்கடுக்கான வரம்புகளாகக் கொடுங்கள். ஆழம் தடிமனில் 30 முதல் 70 சதவீதம், இன்னும் சிறப்பாக 50 முதல் 65 சதவீதம், ஒரு எடுத்துக்காட்டில் 60 சதவீதம் என்று. பின்னால் பின்வாங்க நேர்ந்தால் கால்வைக்கப் படிகள் இருக்கும். பிரிவு 10(4) சிறந்த செய்முறையை மறைக்காமல் சொல்லச் சொல்கிறது. பள்ளத்தை லேசரால் வெட்டினீர்களா, பிளாஸ்மாவால் அரித்தீர்களா, சிலிக்கோனை எப்போது ஊற்றினீர்கள், தாங்கிக் கண்ணாடியிலிருந்து உரிப்பதற்கு முன்பா பின்பா, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

விவரணம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும், தமிழில் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். தனக்கே புரியாததை ஆங்கிலத்தில் மழுப்பிவிடலாம், தமிழில் அது உடனே பல்லிளித்துவிடும்.

படி 3: கிளைம்

எதற்கு உரிமை கோருகிறீர்கள் என்று சொல்லும் வாசகமான கிளைம் என்பதுதான் உங்கள் வேலி. “மெல்லிய”, “நெகிழ்வான”, “போதுமான ஆழமுள்ள” என்ற சொற்கள் தெளிவில்லை என்ற ஆட்சேபத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும். “அழுத்தம் குறையும்படி அமைந்த பள்ளங்கள்” என்று விளைவை மட்டும் சொல்வதும் அப்படித்தான். அமைப்பைச் சொல்லுங்கள்: மடியும் பகுதி, மடியாத பகுதி, மடிப்பு அச்சுக்கு இணையான பள்ளங்கள், மையத்திலிருந்து தொலைவு கூடக்கூட ஆழம் குறைவது, நிரப்பியின் விறைப்பு அடித்தளத்தின் விறைப்பைவிட எத்தனை மடங்கு குறைவு என்பது.

முதல் கிளைமை அகலமாக வைத்து, சார்புக் கிளைம்களில் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். திரை முழுவதற்கும் ஒரு கிளைம், அடித்தளத்துக்கு ஒன்று, தயாரிப்பு முறைக்கு ஒன்று வைக்கலாம். மூன்றையும் அந்தச் சரிவு ஆழம் என்ற ஒரே கருத்து இணைக்க வேண்டும். லேசரால் உரிக்கும் முறையில் தனியாக ஒரு புதுமை இருந்தால் அதை இதற்குள் திணிக்காதீர்கள். ஒரே கண்டுபிடிப்பு அல்ல என்ற ஆட்சேபம் வரும், பிரிவு 16-இன் கீழ் பிரித்துத் தனி விண்ணப்பம் போட வேண்டிவரும்.

இன்னொன்று: வடிவமைப்புப் பதிவு என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வேறு கதை. அது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கானது. அடித்தளத்தின் உள்ளே இருக்கும் பள்ளத்தின் செயலுக்கு அது உதவாது.

படி 4: படிவமும் பணமும்

சேலம் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. தாக்கல் இணையத்தில் முடிந்துவிடும், கிண்டிக்கு ரயில் ஏற வேண்டாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. 30 பக்கத்தையும் 10 கிளைமையும் தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. விண்ணப்பம் போட்டாலே பரிசோதனை நடந்துவிடாது. படிவம் 18-இல் தனியாகக் கேட்க வேண்டும். கட்டணம் முன் சொன்ன பிரிவினருக்கு 4,000, மற்றவர்களுக்கு 20,000. 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு, முன்னுரிமைத் தேதியிலிருந்து (இந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 31 மாதம். அதற்கு முந்தையவற்றுக்கு 48 மாதம் இருந்தது. பழைய கெடுவை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீக்கிரம் வேண்டுமென்றால் படிவம் 18ஏ. ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் இது திறந்திருக்கிறது. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தாலும் போதும். தனியார் கல்லூரியின் பெயரில் போட்டால் இந்தக் கடைசி வழி அடைபட்டுவிடும். யார் பெயரில் உரிமை இருக்க வேண்டும் என்பதை நிர்வாகத்தோடு முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் முதலில் போட நினைத்தால் பிரிவு 39-ஐ மறக்க வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர் அனுமதி வாங்க வேண்டும், அல்லது இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

படி 5: அறிக்கையைப் படிப்பது

முதல் பரிசோதனை அறிக்கையை எல்லோரும் எஃப்.இ.ஆர். என்றே சொல்கிறார்கள். அதைப் பிரித்ததும் முதல் பக்கச் சுருக்க அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் “இல்லை” என்று இருப்பதைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். பெரும்பாலான அறிக்கைகள் இப்படித்தான் வரும். பதில் தர 6 மாதம். முடியாவிட்டால் அந்தக் கெடு முடிவதற்குள் படிவம் 4 கொடுத்து நீட்டிப்புக் கேட்கலாம். வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களுக்கான படிவம் 3-ஐ மட்டும் அறிக்கை வந்த 3 மாதத்துக்குள் புதுப்பித்துவிட வேண்டும்.

நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள். புதுமை, கண்டுபிடிப்புப் படி, பிரிவு 3 (எவை கண்டுபிடிப்பு ஆகாது என்பது), தெளிவு என்று வரிசையாக இருக்கும். டி1, டி2 என்று குறிக்கப்பட்ட ஆவணங்கள் ஒவ்வொன்றையும் இறக்கி முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை மட்டும் அல்ல. பரிசோதகர் சுட்டிய பத்தியில் அவர் சொன்னது உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் இருக்காது. படத்தில் பள்ளம்போல் தெரிவது விவரணத்தில் கம்பித்தடமாக இருக்கும். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் உங்கள் முதல் கிளைமைத் துண்டு துண்டாக எழுதி, வலப்பக்கம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நெடுவரிசை போட்டு, எது எங்கே இருக்கிறது என்று நிரப்புங்கள். நிரம்பாத கட்டம்தான் உங்கள் முதலீடு.

படி 6: பதில் எழுதுவது

புதுமை எளிது. கிளைமின் எல்லாக் கூறுகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால்தான் புதுமை போகும். டி1-இல் ஒரே ஆழப் பள்ளம்தான் உண்டு என்று காட்டினால் முடிந்தது.

கண்டுபிடிப்புப் படிதான் மல்லுக்கட்டு. டி1-இன் பள்ளத்தையும் டி2-இன் சிலிக்கோனையும் சேர்த்துவிட்டு, ஆழத்தை மாற்றுவது இத்துறைத் தேர்ச்சியாளருக்குச் சாதாரண விஷயம் என்று பரிசோதகர் எழுதியிருப்பார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசின் கண்ணியைக் கொஞ்சம் மெலிதாக்கும் ஆசாரிக்கு அதற்காக யாரும் காப்புரிமை தரமாட்டார்கள், அது அவர் அன்றாடக் கைவேலை. பாத்திரத்தைக் கடைசலுக்குப் பிடித்துவைக்கும் ஒரு கருவி பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னதும் இதுதான்: பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு போதாது. ஆகவே உங்கள் பதில் இந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும்.

எப்படி? கண்டுபிடிப்புப் படியை வரையறுக்கும் பிரிவு 2(1)(ஜேஏ) இரண்டு விஷயம் கேட்கிறது: இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும்; அதனால் அது தேர்ச்சியாளருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாக இருக்க வேண்டும். முதலில் டி1-க்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து அந்த வித்தியாசத்தின் விளைவை உங்கள் விவரண அட்டவணையின் பக்கம், வரி எண்ணோடு காட்டுங்கள்: எல்லையில் அழுத்தக் குவியல் குறைகிறது. பிறகு டி1, டி2 இரண்டுமே அந்தச் சிக்கலைப் பார்க்கவே இல்லை என்று சொல்லுங்கள். டி1 மையத்தில் மட்டும் கவனம் வைத்து, பள்ளங்களின் ஆழம் சீராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தால் உங்களுக்கு யோகம். படிப்பவரை எதிர்த்திசையில் அனுப்பும் ஆவணத்திலிருந்து உங்கள் தீர்வுக்கு வர யாருக்கும் தூண்டுதல் இருக்காது. உங்கள் கிளைமைப் படித்தபிறகு பின்னோக்கிப் பார்த்து டி1-ஐயும் டி2-ஐயும் ஒட்டவைப்பது முறையல்ல என்பதையும் மரியாதையாகக் குறிப்பிடலாம்.

பிரிவு 3(எஃப்) இந்தத் துறையில் அடிக்கடி தலைகாட்டும். தெரிந்த பொருட்களை வெறுமனே அடுக்கிவைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு அல்ல என்கிறது அது. அடுக்குகளால் ஆன எந்தத் திரையையும் பார்த்து இதைச் சொல்லிவிடலாம். இதற்கான பதில், மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் அந்த நடுத்தளத்தில் இருக்கிறது. பள்ளத்தின் ஆழமும் நிரப்பியின் விறைப்பும் சேர்ந்துதான் அந்தத் தளம் எங்கே அமையும் என்பதைத் தீர்மானிக்கின்றன; ஒன்றை மாற்றினால் மற்றதன் பலன் மாறும். அப்படியிருக்க, அவை தனித்தனியே இயங்குகின்றன என்று சொல்ல முடியாது. நிரப்பி இல்லாத மாதிரியின் முடிவும் அட்டவணையில் இருந்தால் இந்த வாதம் அசையாது.

படி 7: எவ்வளவு திருத்தலாம்

பிரிவு 59-இன் எல்லை குறுகியது. திருத்திய கிளைம் பழைய கிளைமின் எல்லைக்குள் முழுவதும் அடங்க வேண்டும். விவரணத்தில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. ஆழம் 50 முதல் 65 சதவீதம் என்ற வரம்பை முதல் கிளைமில் சேர்த்து இறுக்கலாம். தாக்கலுக்குப் பிறகு தோன்றிய தேன்கூட்டு வடிவப் பள்ளத்தைச் சேர்க்க முடியாது. அதற்குப் புது விண்ணப்பம்தான். முதல் பதிலிலேயே எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அகலமான ஒரு வடிவத்தை வாதிட்டுவிட்டு, விசாரணைக்கு ஒரு படி மிச்சம் வையுங்கள்.

படி 8: விசாரணை

பதில் திருப்தி தராவிட்டால், முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர் விசாரணைக்கு அழைப்பார், காணொளியில்தான். கோப்பு எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதும் உங்களுக்குப் பொருட்டல்ல. தேதி ஒத்துவரவில்லை என்றால் மூன்று நாள் முன்னதாகக் கேட்டால் தள்ளிவைப்பார்கள், அதிகபட்சம் இரண்டு முறை. கண்டுபிடித்தவரும் உடன் இருப்பது நல்லது. சட்டம் பேச ஏஜென்ட் போதும், ஆனால் அழுத்தம் ஏன் எல்லையில் குவிகிறது என்று கேட்டால் மாதிரியைக் கையில் வளைத்தவர் சொல்வதுபோல் வராது. விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்துவழி வாதத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதில்தான் இறுதிக் கிளைம்கள் போகும். கவனமாக எண் சரிபார்த்து அனுப்புங்கள்.

படி 9: கிடைத்தால், கிடைக்காவிட்டால்

கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு உரிமை. மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம். கல்லூரிக் கணக்குப் பிரிவில் இதற்கு ஒருவர் பொறுப்பில் இல்லையென்றால் கட்டாமல் விட்டே காலாவதியாகும்.

மறுத்தால் உத்தரவை நிதானமாகப் படியுங்கள். முந்தைய ஆவணம் என்ன சொல்கிறது, உங்கள் கண்டுபிடிப்பு என்ன, இரண்டுக்கும் நடுவே எப்படி வெளிப்படை என்று காரணம் காட்டாமல் மறுத்திருந்தால் அது பலவீனமான உத்தரவு. டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் இந்த மூன்றையும் விவாதிக்காத மறுப்பை ஏற்கவில்லை. கண்ணெதிரே தெரியும் பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் படிவம் 24-இல் மறுஆய்வு கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால் சென்னை அலுவலக உத்தரவுகளுக்கு இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுதான். அங்கே போக ஆகும் செலவு தாக்கல் கட்டணத்தைப் போல ஆயிரக்கணக்கில் முடிவதல்ல. உரிமம் வாங்க ஒரு நிறுவனம் பேச்சுவார்த்தையில் இருக்கிறதென்றால் போகலாம். சுவரில் மாட்டச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மட்டும் போக வேண்டாம்.